ஜப்பானில் நகரமும் கடலும்: மூன்று தலைமுறையோடு ஒரு சொகுசுப் பயணம்

6 செப்டம்பர் 2025, வாசகர் கேள்வி

"அடுத்த ஆண்டு மே இரண்டாவது வாரத்தில் சென்னையிலிருந்து குடும்பமாக ஜப்பான் செல்கிறோம். நான், கணவர், 13 வயது மகள், 5 வயது மகன், எழுபதைத் தாண்டிய மாமனார், மாமியார். செலவு பொருட்டில்லை, வசதியே முக்கியம். டோக்கியோ, ஹகோனே, கனசாவா, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா, முடிவில் ஒகினாவா கடற்கரை என்று 12 நாள் திட்டம். கிரீன் எனும் உயர்வகுப்பு ரயில் பாஸ் வாங்கினால் எல்லாப் போக்குவரத்தும் முடிந்துவிடும் என்கிறார்கள். மாமியார் சுத்த சைவம். இதில் எதையாவது மாற்ற வேண்டுமா?"

6 செப்டம்பர் 2025, இரவு

முதலில் ஊர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஜப்பானிய விடுதிகளில் காலை 10 அல்லது 11 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த விடுதியில் பிற்பகல் 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும். எவ்வளவு விலை உயர்ந்த விடுதியாக இருந்தாலும் பெட்டிகளை முன்கூட்டி வாங்கி வைத்துக்கொள்வார்களே தவிர, அறையைத் தருவது அரிது. ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் இரண்டு முதியவர்களும் ஒரு சிறுவனும் நான்கு மணி நேரத்துக்கு மேல் படுக்க இடமின்றி அலைவார்கள். ஏழு ஊர் என்றால் அந்த அலைச்சல் ஆறு முறை நேரும்.

கனசாவாவையும் ஹிரோஷிமாவையும் எடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. இரண்டும் அருமையான ஊர்கள், ஆனால் இந்தப் பயணத்துக்கு உரியவை அல்ல. ஒசாகாவில் தனியாக அறை எடுக்கத் தேவையில்லை. கியோட்டோவிலிருந்து சாதாரண விரைவு ரயிலிலேயே அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால், ஒரு மாலை சென்று சாப்பிட்டுத் திரும்பினால் போதும்.

7 செப்டம்பர் 2025

ரயில் பாஸ் பற்றி. 2023 அக்டோபருக்கு முன் ஏழு நாள் சாதாரணப் பாஸ் 29,650 யென்னாக இருந்தது, அப்போது அந்த அறிவுரை சரி. அந்த மாதம் விலையை 50,000 யென்னாக உயர்த்தினார்கள். கிரீன் வகுப்புக்கு 70,000 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஒரு வழி கிரீன் இருக்கை ஏறக்குறைய 19,000 யென்தான். ஒரே திசையில் போய், மேற்கிலிருந்தே விமானம் ஏறப்போகிறவர்களுக்குப் பாஸ் வெறும் நஷ்டம். மிக வேகமான நொஸோமி ரயிலுக்குப் பாஸுக்கு மேல் தனிக் கட்டணமும் உண்டு.

டோக்கியோவுக்கு அருகிலுள்ள வெந்நீர் ஊற்று மலையூரான ஹகோனேவிலிருந்து கியோட்டோ செல்ல ஒடவாரா நிலையத்தில் ஏற வேண்டும். நொஸோமி அங்கே நிற்காது. அதற்கு அடுத்த வேகமுள்ள ஹிக்காரி ரயில்களிலும் சில மட்டுமே, சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், நிற்கும். அந்த ரயிலின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு அன்றைய காலையைத் திட்டமிடுங்கள். இருக்கை முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன்பு தொடங்கும்.

ஒகினாவாவுக்கு ரயில் கிடையாது. டோக்கியோவிலிருந்து ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருக்கும் தீவுக்கூட்டம் அது. டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்திலிருந்து ஒகினாவாவின் தலைநகரான நாஹாவுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

9 செப்டம்பர் 2025

"அவ்வளவு தூரம் எதற்கு? ஒசாகாவிலிருந்து ரயிலில் போகக்கூடிய ஷிராஹாமாவில் வெள்ளை மணல் கடற்கரை இருக்கிறதே, பிள்ளைகளுக்கு அங்கே பாண்டா கரடிகளையும் காட்டலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வகாயாமா மாநிலத்து ஷிராஹாமா நல்ல ஊர். ஷின்-ஒசாகாவிலிருந்து குரோஷியோ விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரம், கடலை ஒட்டியே வெந்நீர் ஊற்றுகள். ஆனால் மணல் அரிப்பை ஈடுகட்ட ஆஸ்திரேலியாவிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டிக் காப்பாற்றிவரும் கரை அது. முக்கியமான சிக்கல் பருவம். ஜப்பானின் பெருந்தீவுகளில் கடற்குளியல் என்பது ஜூலை, ஆகஸ்டுக்கு உரியது. அந்தக் காலத்தில்தான் உயிர்காப்போர் பணியில் இருப்பார்கள், கடைகள் முழுமையாகத் திறந்திருக்கும். ஆகஸ்டு நடுவில் ஓபோன் விடுமுறை முடிந்தால் ஜெல்லி மீன்கள் பெருகிவிடும் என்று உள்ளூர்க்காரர்கள் கடலில் இறங்குவதை நிறுத்திக்கொள்வார்கள். டோக்கியோவுக்கு அருகிலுள்ள காமகுராவுக்கும் இஸு தீபகற்பத்துக்கும் இதே கணக்குதான். மே மாதத்தில் அங்கே கடலைப் பார்க்கலாம், குளிர்ந்த நீரில் காலை நனைக்கலாம். ஐந்து வயதுச் சிறுவனை அதோடு திருப்திப்படுத்த முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பாண்டாக்கள் இப்போது அங்கே இல்லை. கடைசி நான்கும் 2025 ஜூனில் சீனாவுக்குத் திரும்பிவிட்டன. மகனிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் நல்லது.

10 செப்டம்பர் 2025

நாள்காட்டியைப் பற்றி எழுதாமல் மேற்கொண்டு எதையும் எழுதிப் பயனில்லை. நகரங்களுக்கு ஏற்ற காலமும் கடலுக்கு ஏற்ற காலமும் ஜப்பானில் ஒத்துப்போவதில்லை, உங்கள் திட்டத்தின் உண்மையான முடிச்சு அதுதான்.

டோக்கியோவும் கியோட்டோவும் மார்ச் இறுதி முதல் மே வரை இனிமையானவை, பிறகு அக்டோபர், நவம்பரில் மீண்டும் இனிமை. ஒகினாவாவில் மழைக்காலம் சராசரியாக மே 10 அளவில் தொடங்கி ஜூன் 21 அளவில் முடிகிறது. டோக்கியோ, கியோட்டோ பகுதிகளில் ஜூன் முதல் வாரத்தில் தொடங்கி ஜூலை 19 அளவில் முடிகிறது. நீங்கள் குறித்திருக்கும் மே இரண்டாவது வாரம் நகரங்களுக்குப் பொன்னான வாரம், ஆனால் கடற்கரையில் நீங்கள் கால் வைக்கும்போது மழை தொடங்கியிருக்கும்.

அப்படியானால் சற்று முன்னால் போகலாமா என்றால், வழியில் கோல்டன் வீக் விடுமுறை நிற்கிறது. 2026இல் ஏப்ரல் 29 புதன்கிழமை ஒரு விடுமுறை, பிறகு மே 2 சனிக்கிழமை முதல் மே 6 புதன்கிழமை வரை தொடர் விடுமுறை. நாடே ஒரே நேரத்தில் இடம்பெயரும் நாட்கள் அவை. அறை வாடகை ஏறுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; பணம் இருந்தும் அறை இல்லை, இருக்கை இல்லை என்ற நிலையை என்ன செய்வது?

ஆகவே என் பரிந்துரை: மகளின் ஆண்டுத் தேர்வு முடிந்த உடனே, ஏப்ரல் நடுவில் புறப்பட்டு, 29ஆம் தேதிக்கு முன் ஜப்பானை விட்டு வெளியேறிவிடுங்கள். ஒகினாவாவில் கடற்கரைகளை மார்ச், ஏப்ரலிலேயே முறைப்படி திறந்துவிடுகிறார்கள். ஏப்ரல் இறுதியில் கடல்நீர் 22, 23 டிகிரி அளவில் இருக்கும். மெரினாவில் நனைந்து பழகியவர்களுக்கு அது குளிர்தான், பிள்ளைகள் பொருட்படுத்த மாட்டார்கள்.

10 செப்டம்பர் 2025, பின்னர்

அக்டோபரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கடலுக்காக மட்டும் என்றால் அக்டோபர்தான் என் முதல் தேர்வு: நீர் இன்னும் 26, 27 டிகிரியில் இருக்கும், மழைக்காலம் இல்லை, நகரங்களிலும் வெப்பம் தணிந்திருக்கும். புயல்கள் உச்சத்தில் இருப்பது ஆகஸ்டு, செப்டம்பரில் என்றாலும் அக்டோபரிலும் ஒன்றிரண்டு தலைகாட்டும். புயல் தீவைக் கடந்தால் விமானங்கள் ஒரு நாளோ இரண்டு நாளோ நின்றுவிடும், விடுதிக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும். காலாண்டு விடுமுறைக்குள் பயணத்தை அடக்க நினைக்கும் குடும்பத்துக்கு அந்த இரண்டு நாள் தாமதம் பெரிய இடி. அக்டோபரில் போவதானால் தீவை முதலில் வைத்து நகரங்களைப் பின்னால் வையுங்கள்; சிக்கிக்கொண்டாலும் குறையப்போவது ஊர் திரும்பும் விமானம் அல்ல, கியோட்டோவில் ஓர் இரவுதான்.

11 செப்டம்பர் 2025

மழைக்காலத்தைப் பற்றி எழுதியதைச் சற்றுத் தளர்த்துகிறேன். நாள் முழுவதும் ஓயாமல் பெய்யும் மழை அல்ல அது. கொட்டிவிட்டு வெயில் அடிக்கும் நாட்களும் உண்டு, விடுதிக் கட்டணமும் இறங்கியிருக்கும். குழந்தைகள் இல்லாத இருவர் என்றால் மே மாதத்தில் போய்வாருங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

14 செப்டம்பர் 2025

எந்தத் தீவு? ஒகினாவா என்று ஒரே பெயரில் அழைக்கிறோம், ஆனால் உங்களைப் போன்ற குடும்பத்துக்கு மூன்று தனித்தனித் தேர்வுகள் இருக்கின்றன.

முதலாவது ஒகினாவா முதன்மைத் தீவு. நாஹா விமான நிலையத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம் வடக்கே போனால் ஒன்னா என்ற கடலோரப் பகுதி. பெரிய சொகுசு விடுதிகள் பெரும்பாலும் அங்கேயும், அதற்கு வடக்கே நாகோவிலும் இருக்கின்றன. 2019இல் திறந்த ஹலேகுலானி விடுதியில் ஐந்து நீச்சல் குளங்கள் உண்டு, கடல் குளிர்ந்தால் குளம் கைகொடுக்கும். நாகோவிலுள்ள புசேனா டெரஸ், 2000ஆம் ஆண்டு ஜி8 மாநாடு நடந்த முனையில் கடலை ஒட்டி அமைந்தது. பெயரை மட்டும் நம்பிப் பதிவு செய்யாதீர்கள்: ரிட்ஸ்-கார்ல்டன் ஒகினாவா அருமையான விடுதி, ஆனால் அது குன்றின்மேல் கோல்ஃப் மைதானத்தைப் பார்த்தபடி இருக்கிறது, கடற்கரைக்கு வண்டியில் போக வேண்டும். இந்தத் தீவின் பெரிய பலம் மழை நாளிலும் போக இடம் இருப்பதுதான். சுராஉமி மீன் காட்சியகத்தில் 7,500 டன் நீர் கொண்ட தொட்டியில் திமிங்கலச் சுறாக்கள் நீந்துவதைத் தாத்தாவும் பேரனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். 2019இல் எரிந்துபோன ஷுரி கோட்டையின் மீட்டெடுப்புப் பணி நடந்துகொண்டிருக்கிறது. முதன்மை மண்டபத்தை 2026 இலையுதிர்காலத்தில் முடிக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். எனவே ஏப்ரலில் பணியைத்தான் காண முடியும்.

இரண்டாவது மியாகோ தீவு. மலையோ சொல்லும்படியான ஆறோ இல்லாததால் மண் கரைந்து கடலில் கலப்பதில்லை, நீர் கண்ணாடிபோல் இருக்கும். யோனஹா மாஎஹாமா கடற்கரை ஏழு கிலோமீட்டர் நீளம். அருகிலுள்ள இராபு தீவுக்குச் செல்லும் 3,540 மீட்டர் பாலத்தை 2015இல் கட்டணமின்றித் திறந்துவிட்டார்கள். காரில் அதைக் கடப்பதே ஒரு காட்சி, மாமனார் மாமியார் இறங்கி நடக்கத் தேவையில்லை. மணலும் நீருமே போதும் என்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த இடம் ஜப்பானில் இல்லை. ஆனால் மழை வந்தால் செய்வதற்கு மிகக் குறைவு.

மூன்றாவது இஷிகாகி, அதன் அருகே படகில் கால் மணி நேரத் தொலைவிலுள்ள தகெதோமி. இஷிகாகியின் கபிரா விரிகுடா படங்களில் மயக்கும், ஆனால் நீரோட்டம் வலுவானது என்பதால் அங்கே நீந்தத் தடை உண்டு. கண்ணாடி அடித்தளப் படகில்தான் சுற்றிப் பார்க்க முடியும். தகெதோமியில் சிவப்பு ஓட்டு வீடுகள், பவளக்கல் மதில்கள், எருமை வண்டி. ஹொஷினோயா விடுதியும் அந்தக் கிராம வடிவத்திலேயே கட்டப்பட்டது. கொந்தோய் கடற்கரை வெகுதூரம் ஆழமற்றது, வற்றம் வந்தால் முழங்காலுக்குக் கீழேதான் நீர். சிறுவனுக்கு மிகவும் ஏற்றது. 13 வயது மகள் இரண்டாம் நாளே சலித்துக்கொள்வாள்.

உங்களுக்கு நான் சொல்வது முதன்மைத் தீவு. காரணம் கடல் அல்ல, முதியவர்கள்: மருத்துவமனைகள் அருகில், விமானங்கள் அதிகம், மழைக்கு மாற்று உண்டு.

15 செப்டம்பர் 2025

உடை பற்றிய தயக்கத்தைத் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள், பலருக்கும் பயன்படும் என்பதால் பெயரில்லாமல் இங்கே எழுதுகிறேன். கவலையே வேண்டாம். ஒகினாவாவில் கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிய நீச்சலுடை மிக இயல்பு. வெயிலுக்கு அஞ்சி ஜப்பானியப் பெண்கள் பலரும் அதைத்தான் அணிகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் டீ-சட்டையோடே நீரில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். பவளத்தரை காலைக் கிழிக்கும், எனவே ஆறு பேருக்கும் நீர்க் காலணி வாங்கிக்கொள்ளுங்கள். கோடைக்காலத்தில் கொடிய நஞ்சுள்ள ஹபு ஜெல்லி மீன் வரும் என்பதால் கடற்கரைகளில் வலை கட்டுவார்கள். வலைக்குள் மட்டும் குளிக்க வேண்டும்.

21 செப்டம்பர் 2025

ஹகோனேயில் ரியோகான், அதாவது மரபுவழி ஜப்பானிய விடுதி. இதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பயணத்தின் உச்சம், தவறினால் முழங்கால் வலிதான் மிஞ்சும்.

ரியோகானில் கட்டணம் அறைக்கு அல்ல, ஆளுக்கு. இரவு உணவும் காலை உணவும் அதில் அடக்கம். குழந்தைகளுக்கு உணவையும் படுக்கையையும் பொறுத்துப் பெரியவர் கட்டணத்தில் 70, 50, 30 விழுக்காடு என்று வாங்குவது வழக்கம். மிக உயர்ந்த சில ரியோகான்கள் சிறு பிள்ளைகளை ஏற்பதில்லை, பதிவுக்கு முன் மகனின் வயதைச் சொல்லிக் கேளுங்கள். இரவு உணவு அவர்கள் குறித்த நேரத்துக்கு, பெரும்பாலும் 6 மணிக்கு அல்லது சற்றுப் பின்னர். டோக்கியோவில் மதியம் வரை சுற்றிவிட்டு எட்டு மணிக்கு நுழைந்தால் பத்துக்கு மேற்பட்ட பதார்த்தங்களை இழப்பீர்கள்.

கோரைப்பாய் விரித்த அறையில் தரையில் மெத்தை போட்டுப் படுப்பதுதான் மரபு. ஊரில் பாயில் படுத்தவர்கள்தானே என்று எண்ணலாம், ஆனால் எழுபது வயதில் இரவு மூன்று முறை தரையிலிருந்து எழுவது வேறு கதை. கோரைப்பாயும் கட்டிலும் சேர்ந்த வயோஷித்சு அறை என்று கேளுங்கள். சாப்பிடும் இடத்திலும் மேசைக்கடியில் கால் தொங்கவிடும் பள்ளமோ நாற்காலியோ வேண்டும் என்று எழுதிவிடுங்கள்.

குளியல். பொது வெந்நீர்க் குளங்களில் ஆண், பெண் தனித்தனி, உடையின்றித்தான் இறங்க வேண்டும். என் வீட்டுப் பெரியவர்கள் கேட்ட உடனே அறைக்குத் திரும்பிவிட்டார்கள், வற்புறுத்துவது முறையல்ல. அறையோடு சேர்ந்த திறந்தவெளிக் குளியல் தொட்டி உள்ள அறைகளுக்குக் கூடுதல் பணம் கொடுங்கள். இந்த முழுப் பயணத்தில் கூடுதல் காசுக்குக் கூடுதல் சுகம் நேரடியாகக் கிடைக்கும் இடம் இதுதான். அது இயலாவிட்டால் குடும்பத்துக்கு மட்டும் முக்கால் மணி நேரம் தனியாக ஒதுக்கித் தரும் குளங்களும் பல விடுதிகளில் உண்டு.

ஓவகுதானி எரிமலைப் பள்ளத்துக்கு ரோப் காரில் போகும் ஆசையில் மாமனாரைச் சேர்க்கும் முன் அவருக்கு மூச்சிரைப்பு உண்டா என்று பாருங்கள். கந்தக வாயு வரும் இடம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அங்கேயே எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறார்கள்.

22 செப்டம்பர் 2025

மாமியாரின் சாப்பாடு. நேற்று இதையும் சேர்த்தே எழுதியிருக்கலாம், ஆனால் தனியாகச் சொல்ல வேண்டிய அளவுக்குப் பெரியது.

ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்ற சாறு. பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலிலிருந்து எடுப்பது. மிசோ சூப்பில், வேகவைத்த காயில், டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் நீரில், எங்கும் இருக்கும். "சைவம்" என்று மட்டும் சொன்னால் மீன் துண்டை எடுத்துவிட்டு அதே சாற்றில் வேகவைத்த முள்ளங்கியைக் கொண்டுவருவார்கள். அவர்களிடம் வஞ்சகம் இல்லை. சாறு அவர்களுக்கு மீனாகத் தோன்றுவதில்லை. ஒரு கடலோர விடுதியில் என் தாயாருக்கு இப்படித்தான் நடந்தது. பரிமாறியவர் பெருமையோடு சாற்றின் செய்முறையை விளக்கத் தொடங்க, அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

எனவே எழுத்தில், பதிவின்போதே சொல்லுங்கள்: இறைச்சி, மீன், மீன் தாஷி கூடாது, கொம்பு எனப்படும் கடற்பாசியிலும் ஷிடாகே காளானிலும் எடுத்த சாறு கூடும், பால் கூடும். முட்டை எப்படி என்பதையும் சேருங்கள். சில ரியோகான்கள் எங்களால் முடியாது என்று நேராகப் பதில் எழுதும். அந்தப் பதிலுக்கு நன்றி சொல்லி அடுத்த விடுதிக்குப் போய்விடுங்கள், ஒப்புக்கொண்டு திணறுபவர்களைவிட அவர்கள் மேல்.

கியோட்டோவில் ஷோஜின் ரியோரி என்ற பௌத்த மடத்துச் சமையல் இருக்கிறது. அதில் மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட விலக்கு. விரத நாளில் நம் வீட்டில் எதைத் தள்ளுகிறோமோ அதையேதான் அவர்களும் தள்ளுகிறார்கள். அராஷியாமாவில் தென்ர்யூஜி கோயில் வளாகத்துக்குள்ளேயே ஷிகெத்சு என்ற உணவகம் மதியம் இதைப் பரிமாறுகிறது. உங்கள் மாமியார் ஐயமில்லாமல் வயிறாரச் சாப்பிடும் வேளை அதுவாக இருக்கலாம்.

பொடி வகைகளையும் புளிக்காய்ச்சலையும் எடுத்துச் செல்லுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, காய், பழம் வேண்டாம். தாவர நலச் சான்று இல்லாமல் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

28 செப்டம்பர் 2025

பெட்டிகள். டோக்கியோ விடுதியிலிருந்து பெரிய பெட்டிகளை தக்யூபின் என்ற கூரியர் சேவை மூலம் நேராகக் கியோட்டோ விடுதிக்கு அனுப்பிவிட்டு, ஹகோனேவுக்கு ஆளுக்கு ஒரு சிறு பையோடு போங்கள். வரவேற்பு மேசையில் சொன்னால் படிவத்தை அவர்களே நிரப்பித் தருவார்கள், பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். மேலும் அதிவேக ரயிலான ஷின்கான்செனில் நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ. தாண்டும் பெட்டிக்குத் தனி இட ஒதுக்கீடு கட்டாயம். பெட்டியை அனுப்பிவிட்டால் அந்தச் சிக்கலும் தீரும். ஒகினாவாவுக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம், நாட்கள் பிடிக்கும். விமானத்தில் கையோடு கொண்டு போங்கள்.

வண்டி. சாதாரண டாக்சியில் நான்கு பேர்தான், நீங்கள் ஆறு பேர். கியோட்டோவில் ஓட்டுநரோடு பெரிய வேன் ஒன்றை முழு நாளுக்கு அமர்த்துங்கள். எண் பலகை பச்சையாக இருக்க வேண்டும், பச்சைதான் வாடகைக்கு உரிமம் பெற்ற வண்டி. வெள்ளைப் பலகையோடு வந்து விலை குறைத்துச் சொல்பவரை ஏற்காதீர்கள். ஒகினாவாவில் கணவர் ஓட்டலாம்: நம்மைப்போலவே இடப்பக்கப் போக்குவரத்து, இந்தியாவில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 உடன்படிக்கையின்படி செல்லும். ஆறு வயதுக்குக் குறைந்த மகனுக்குக் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம், வண்டி பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

5 அக்டோபர் 2025

கணக்கில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். கியோட்டோ மாநகரம் தங்கும் வரியை 2026 மார்ச் 1 முதல் உயர்த்துகிறது. அதற்கு முன் அதிகபட்சம் ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,000 யென். அந்த நாள் முதல் ஆளுக்கு 50,000 யென் முதல் ஒரு லட்சத்துக்குள் வாடகை என்றால் 4,000 யென், ஒரு லட்சமும் அதற்கு மேலும் என்றால் 10,000 யென். நீங்கள் தேடும் வகை விடுதிகளில் நான்கு இரவு தங்கினால் இது சிறிய தொகை அல்ல. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் கிடையாது, சேவைக் கட்டணம் பில்லிலேயே சேர்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மற்ற நாடுகளோடு ஒப்பிட்டு அதிர்ச்சி அடையத் தேவையில்லை.

12 அக்டோபர் 2025

திருத்திய திட்டத்தைப் பார்த்தேன்: ஏப்ரல் 14 புறப்பாடு, டோக்கியோ நான்கு இரவு, ஹகோனே இரண்டு, கியோட்டோ நான்கு, ஒன்னாவில் மூன்று, 28இல் ஜப்பானை விட்டு வெளியேறுவது. இது நடக்கக்கூடிய திட்டம். டோக்கியோவிலிருந்து ஓர் இரவை எடுத்துக் கடலுக்குக் கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும். நாஹாவிலிருந்து தைபேக்கோ ஹாங்காங்குக்கோ நேரடி விமானம் இருப்பதால், ஊர் திரும்ப டோக்கியோவுக்குத் திரும்பவும் போக வேண்டாம். பயணச்சீட்டை வரும் ஊர் வேறு, போகும் ஊர் வேறு என்று வாங்குங்கள்.

ஹகோனே ரியோகானை முதலில் பதிவு செய்யுங்கள். குளியல் தொட்டி, கட்டில், சைவம் மூன்றும் பொருந்தும் அறைகள் ஒரு விடுதியில் நான்கோ ஐந்தோதான் இருக்கும். அது கிடைத்த தேதிக்கு மற்ற ஊர்களை நகர்த்திக்கொள்ளலாம்.

மகள் கேட்கும் ஜங்லியா கேளிக்கைப் பூங்கா, 2025 ஜூலையில்தான் ஒகினாவாவின் வடக்கே திறந்தது. ஒரு நாளை அதற்குக் கொடுங்கள், கணவர் அவளை அழைத்துப் போகட்டும். மேடும் பள்ளமுமான இடம், முதியவர்களுக்கு ஏற்றதல்ல. அவர்கள் அன்று பேரனோடு விடுதிக் குளத்தருகே இருக்கட்டும், நீங்களும் எங்கும் போகாதீர்கள்.